குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லவும்

குபானிச் ஆப்பிளுக்குப் பேர்போன அல்மாத்தி நகரத்தில் பயிற்சி முடித்துத் திரும்பியபோது வீட்டுக்கு ஒரு ஆப்பிள்கூட வாங்கி வரவில்லை. பசை தடவிய வண்ணச் சீட்டுக் கட்டுகளும், "பயனர்தான் நடுநாயகம்" என்கிற வாக்கியமும் கொண்டுவந்தான். சீட்டுகளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினான். வாக்கியத்தை எதிரே வந்தவர்கள் மேலெல்லாம் ஒட்டினான்.

கொட்டகைதான் அவனுடைய கம்பெனி. குட்டி போட்ட ஆடுகளைக் குளிருக்கு அடைத்துவைத்த இடம் அது. சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் வைத்து, மேஜைகளும் ஒரு வெள்ளைப் பலகையும் போட்டதும் மென்பொருள் நிறுவனமாகிவிட்டது. ஆடுகள் போய்விட்ட செய்தி அவற்றின் வாசனைக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. மழை பெய்தால் சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும், சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். காலையில் கூட்டிப் பெருக்க வரும் ஜாஸ்குல் அவற்றை அள்ளிக்கொண்டுபோய் அடுப்பில் போடுவாள். "பயனரின் வலி", "பயனரின் கனவு" என்றெல்லாம் எழுதிய சீட்டுகள். வறட்டி பற்றிக்கொள்ள நன்றாகவே உதவின.

ஜாஸ்குல் குபானிச்சின் தம்பி மக்சாத்தின் மனைவி. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு வங்கியின் போன் ஆப்புக்குத் திரைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இந்த மலைக் கிராமமான கோக்ஜாருக்கு வந்ததும் மூத்தாரின் கம்பெனிக்கே வடிவமைப்பாளர் ஆக்கப்பட்டாள். விடியும் முன் மாட்டைக் கறந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் மேஜைக்கு வர முடியும். விருந்தாளி வந்தால் மேஜையை விட்டு எழுந்து தேநீர் ஊற்ற வேண்டும். சம்பளம் என்று பேச்சு எடுத்தால் "நீ வீட்டு ஆளாச்சே" என்பான் குபானிச். வீட்டு ஆள் என்ற உரிமையில் ஏதாவது சொன்னால் "இது கம்பெனி விஷயம்" என்பான். இரண்டு வாசலையும் ஒரே ஆள் அடைத்துக்கொண்டு நிற்கிற வித்தையை அவனிடம்தான் கற்க வேண்டும். அவன் மனைவி, நரின் என்கிற நகரத்தில் பள்ளி ஆசிரியை, அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த சலுகையே அதுதான் என்று ஊர் பேசிக்கொண்டது.

கம்பெனி செய்த ஆப் பால் ஆலைக்கானது. பள்ளத்தாக்கில் காலையும் மாலையும் பெண்கள் பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு வருவார்கள். அங்கே சாகின் என்கிற ஆள் எடை போட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதிக்கொள்வான். அந்தப் பென்சிலுக்குப் பதிலாகத்தான் இந்த ஆப். அதற்கான நிரலை மக்சாத் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்துப் பூட்டிய பிறகுதான் குபானிச் அல்மாத்திக்குப் போனான். உபயோகிக்கப்போகிறவர்களை முதலிலேயே போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் கேட்டாலும் கேட்டதுதானே என்று இவன் முடிவு செய்துகொண்டான்.

"எல்லாம் தயாராயிருச்சு. இனிமே பயனரை நடுவுல கொண்டுவந்து வைக்கணும்," என்றான் வந்த மறுநாளே.

"எதுக்கு நடுவுல?" என்று கேட்டான் மக்சாத்.

"ஆப்புக்கு நடுவுலடா."

"அங்க இடமில்லையேண்ணே. உன் கம்பெனிச் சின்னம்ல இருக்கு."

ஜாஸ்குல் சிரிப்பை அடக்க வறட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

சுவரில் ஒரு பெண்ணின் படத்தையும் குபானிச் ஒட்டியிருந்தான். நம் பயனர் எப்படிப்பட்டவர் என்று எப்போதும் கண்முன் இருக்க வேண்டுமாம். அவளுக்கு அய்னுரா என்று பேர் வைத்திருந்தான். எங்கிருந்தோ எடுத்த படம். வெள்ளைப் பல், வெள்ளைச் சட்டை, கையில் காப்பிக் கோப்பை. கீழே "புதுமையை விரும்புபவர், காலையில் ஓடுபவர்" என்று எழுதியிருந்தது. கோக்ஜாரில் காலையில் ஓடுகிற பெண் யாராவது உண்டென்றால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குப் பின்னால் ஓடுகிறவளாகத்தான் இருக்க வேண்டும்.

ஆப்பின் முதல் திரை குபானிச்சின் சொந்தக் கற்பனை. மூத்த பெண்களுக்கு எழுத்தைத் தட்டத் தெரியாது, ஆகவே பேசினால் போதும். திரையைத் தொட்டதும் ஒரு பெண் குரல் இனிமையாகக் கேட்கும்: "குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லவும்." ஆலையில் கணக்கெல்லாம் குடும்பத் தலைவர் பேரில்தான். பேரைச் சொன்னதும் அந்த வீட்டுப் பக்கம் திறக்கும், எடை ஏறும், "நன்றி" வரும். குபானிச் பெற்ற பிள்ளைகளின் பேச்சைக்கூட இப்படி ரசித்துக் கேட்டதில்லை.

இலையுதிர் காலத்தில் ஆலையின் இயக்குநர் தமிரா நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. அவளுக்குப் பிடித்துப்போனால் பள்ளத்தாக்கு முழுக்க இந்த ஆப்தான்.

"ஒப்பந்தம் கைக்கு வரட்டும், நீங்க ரெண்டு பேரும் பிஷ்கெக் போயிருங்க," என்று குபானிச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மா முன்னிலையில் சொன்னான். "அங்க ஒரு கிளை திறக்கலாம். வீடும் நானே பாத்துத் தரேன்."

அப்பா முன்னிலையில் சொன்ன வார்த்தையை அவன் மீறியதில்லை, அது ஒன்று மட்டும் அவனிடம் உருப்படி. ஜாஸ்குல் அன்றிலிருந்து அந்த வீட்டில் குடியிருக்க ஆரம்பித்துவிட்டாள். ஜன்னலோரம் தன் மேஜை. தன் கெட்டில். கதவைச் சாத்தினால் சாத்தினதாக இருக்கும். யாருக்கும் எழுந்து தேநீர் ஊற்ற வேண்டாம், தனக்கு வேண்டுமானால் கோப்பை நிறைய ஊற்றிக்கொள்ளலாம். மாட்டின் மடியில் தலையைச் சாய்த்துக் கறக்கும்போது அந்த மேஜைக்கு விளக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிப்பாள்.

வெட்டிய புல் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில் குபானிச் "பயனர் சோதனை" வைத்தான். ஊர்ப் பெண்களைக் கொட்டகைக்கு வரச் சொன்னான். அவன் அம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு ஆட்டுக் கொட்டகையில் போனைக் காட்டி அனுப்புவதா? பெரிய அறையில் விரிப்பை விரித்தாள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக், கட்டிப் பாலாடை, ஏப்ரிகாட் ஜாம், போதாததற்கு ஆட்டுக்கறி சூப்பு. வந்த பெண்கள் வயல் தூசியைத் தட்டிவிட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜாஸ்குல் கதவோரம் முட்டிபோட்டு சமோவார் பக்கத்தில் அமர்ந்து, வழக்கப்படி பாதிக் கோப்பையாகத் தேநீர் ஊற்றி ஊற்றி நீட்டினாள். முக்கால் ஊற்றினால் விருந்தாளியைச் சீக்கிரம் கிளம்பச் சொன்ன மாதிரி.

சாப்பாடு அடங்கியதும் போன் கை மாறியது. முதலில் புர்மாகான். ஊரிலேயே அதிகம் பால் ஊற்றுகிறவள், ஊரிலேயே அதிகம் பேசுகிறவளும் அவள்தான்.

"தொடுங்கக்கா," என்றான் குபானிச்.

தொட்டாள். "குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லவும்," என்றது போன்.

புர்மாகான் போனைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். தலைக்குட்டை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. சும்மா சத்தமா சொல்லலாம்."

"தொண்ட கட்டிக்கிச்சுய்யா. காத்துல நின்னு புல்லு அள்ளுனது."

"இப்பத்தான நல்லாப் பேசிட்டிருந்தீங்க?"

"அந்தப் பேச்சுலதான் கட்டிக்கிச்சு."

குபானிச் போனை வாங்கி அவள் மாமனார் பேரைத் தானே சொன்னான். பக்கம் திறந்தது. "பாத்தீங்களா? எவ்வளவு சுலபம். எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு," என்றாள் புர்மாகான். "போர்சோக்கும் நல்லாருக்கு."

அடுத்தவளுக்கு இருமல் வந்தது. அதற்கடுத்தவள் கண்ணாடி கொண்டு வரவில்லை என்றாள், பேசுவதற்குக் கண்ணாடி எதற்கு என்று குபானிச்சும் கேட்கவில்லை. ஒருத்தி போனைக் காதில் வைத்து "ஹலோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொருத்திக்கும் குபானிச்சே பேரைச் சொன்னான், ஒவ்வொருத்தியும் நன்றாக இருக்கிறது என்றாள். அவன் கொட்டகையிலிருந்து தூக்கிவந்த பலகையில் பச்சைச் சீட்டாக ஒட்டிக்கொண்டே போனான். குறையென்று ஒன்றுமில்லை, ஒலிவாங்கியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்று எழுதினான்.

கெண்டியைச் சாய்த்தபடி ஜாஸ்குல் பார்த்துக்கொண்டிருந்தாள். புர்மாகான் கூரையைப் பார்த்த அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பேரையும் மூத்தார் பேரையும் வாயால் சொல்வதில்லை. அவர்களுக்குத் தானாக வேறொரு பேர் வைத்துக்கொள்வாள், சாகும்வரை அதுதான். புர்மாகானின் மாமனார் பல்தாபாய் மண்ணுக்குள் போய் வருஷங்கள் ஆகின்றன, ஆலைக் கணக்கில் மட்டும் இன்னும் அவர்தான் தலைவர். பல்தா என்றால் கோடரி, அது அவர் பேரில் இருப்பதால் அவள் கோடரியைக்கூட இன்றுவரை "பிளக்குறது" என்றுதான் சொல்கிறாள். குபானிச்சுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அவன் அம்மா அவன் தாத்தா பேரைச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்த அந்த விஷயம் அவன் மூளையிலிருந்து போனுக்குப் போகிற வழியில் எங்கோ படுத்துத் தூங்கிவிட்டது. ஆண்பிள்ளை, எந்தப் பேரையும் எங்கேயும் சொல்லலாம், அவனுக்கு எதற்கு அந்த நினைப்பு.

கோப்பைகளைக் கழுவ புர்மாகானும் கூட வந்தாள். ஜாஸ்குல் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏன்க்கா சொல்லல, அந்தத் திரை சரியில்லன்னு?"

"நீ ஏண்டி சொல்லல? உன் கம்பெனிதான?"

"என்னால எப்படிக்கா, மூத்தார் எதிர்ல..."

"அப்புறம் என்னை மட்டும் கேக்குற. உங்க ரொட்டிய வாயில வச்சுக்கிட்டு உங்க வீட்டுப் பொருள நொட்ட சொல்லவா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல. சூப்பக் குடிச்சேன், நல்லாருக்குன்னேன்."

"ஆப்பத்தான் கேட்டாரு."

"நான் சூப்பச் சொன்னேன்," என்றாள் புர்மாகான்.

மறுநாள் புல் போர் போடும்போது ஜாஸ்குல் மக்சாத்திடம் சொன்னாள். அவன் போரின் உச்சியில் நின்று கவட்டையில் வாங்கி வாங்கி மிதித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் நின்றான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடப்பாவி. ஆமால்ல!"

"சிரிக்காதீங்க. உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா என்னாகும்? முதல் திரையில பேர எடுத்தா உள்ள இருக்குற எல்லாத்தையும் பிரிக்கணும். எல்லாக் கணக்கும் அந்தப் பேருலதான் தொங்குது. இன்னொரு குளிர்காலம் போயிரும். தமிராக்கா வரும்போது கையில ஒண்ணும் இருக்காது." அவன் கவட்டையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தான். "பிஷ்கெக் போக வேண்டாமா உனக்கு?"

ஜாஸ்குல் அடுத்த கட்டுப் புல்லைக் குத்தித் தூக்கினாள். அவன் கேட்ட கேள்வியில் இருந்த தந்திரம் அவளுக்குத் தெரியாமலில்லை. இவன் எந்தச் சண்டைக்கும் முன்னால் போகாதவன், அண்ணன் முன் நின்றால் சொந்தத் தாடையைக்கூடத் தடவ யோசிப்பவன். ஆனாலும் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. சொல்லாமல் இருந்தால் ஜன்னலோர மேஜை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதை மரியாதை என்று பிறர் நினைத்துக்கொள்ளலாம், அவளுக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை. ஆசைக்காகத்தான் மூடினாள், அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

பிறகு ஒலிவாங்கி கூட்டிய போனை சாகினின் நிலையத்தில் எடை மேஜைமேல் வைத்தார்கள். சோதனை ஓட்டம். சாகின் பென்சிலோடு எழுதிக்கொண்டுதான் இருந்தான், ஆப்பும் பக்கத்தில் ஓடியது. அங்கே பேரைச் சொல்லித் தர குபானிச் இல்லை, சாகின் தன் பென்சிலை விட்டு அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. சொல்லாமல் எடை போட விடவும் இல்லை அந்தப் போன், கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாமனார் பேரைத்தானே சொல்லக் கூடாது? பெற்ற அப்பன் பேரைச் சொல்லலாமே. கணவாய்க்கு அப்பால் கொச்கோர் ஊரிலிருந்து வாழ வந்தவள் கொச்கோர் அப்பனைச் சொன்னாள், ஜும்காலிலிருந்து வந்தவள் ஜும்கால் அப்பனைச் சொன்னாள். ஆப்பில் ஆலைக்குப் பால் ஊற்றும் எல்லா ஊர்களின் வீட்டுப் பட்டியலும் இருந்தது. அது ஆளைக் கண்டுபிடித்து, "நன்றி" என்று சொல்லி, கோக்ஜார் பாலையெல்லாம் சம்பந்தி வீடுகளுக்கு எழுதிவைத்தது.

குபானிச் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு குதித்தான். "அப்பா, இங்க பாருங்க. சோதனை ஓடுறது நம்ம ஊருல மட்டும். கொச்கோர்லேர்ந்து பால் வருது. ஜும்கால்லேர்ந்து வருது. தானாப் பரவுது. நடுவுல பயனர் இருந்தா இப்படித்தான்."

அவன் அப்பா அந்தக் காலத்தில் அறுவடை இயந்திரம் ஓட்டியவர். கால்பாக்குத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"கொச்கோர்லேர்ந்து கேன தோள்ல வச்சுக்கிட்டு கணவாய் ஏறி வராங்களா?"

"அது டேட்டாப்பா."

"இங்க வந்து சேர்றதுக்குள்ள வெண்ணெயாயிருக்குமேடா."

"உங்களுக்குப் புரியாதுப்பா."

"சரி," என்றார் அவர். தனக்குப் புரியவில்லை என்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை.

அன்று ஜாஸ்குல் ஒரே ஒரு காரியம் செய்தாள். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் "முதல் திரையை மாற்ற வேண்டும், பெண்கள் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். குபானிச் அதைப் பார்த்தான். முதல் பாதியோடு படிப்பதை நிறுத்தி, "வடிவமைப்புக் குழுவோட கருத்தை வரவேற்கிறேன்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சீட்டை எடுத்து "பின்னர்" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினான். ராத்திரி மழை பெய்தது. காலையில் அது தரையில் கிடந்தது. ஜாஸ்குல் எடுத்துப் பார்த்தாள், மற்றவற்றோடு சேர்த்து அடுப்பில் போட்டாள். சொல்லிப் பார்த்தாயிற்று என்று ஒரு நிம்மதி வந்தது. கேவலமான நிம்மதி, ஆனாலும் வந்தது.

தமிரா வந்த நாளில் மலை முதல் பனியைப் போட்டுக்கொண்டிருந்தது. குபானிச் ஆட்டை அறுத்திருந்தான். கொப்பரை காலையிலிருந்து கொதித்தது. ஜாஸ்குல் மாவு தேய்த்து நூலாக அரிந்தாள், குடலைக் கழுவினாள், கை விரல்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன. மக்சாத் மின்வடம் இழுத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான், எதிலும் உருப்படியாக உதவவில்லை.

இறைச்சி பரிமாறும்போது குபானிச் திணறிப்போனான். ஆட்டுத்தலையைப் பெரிய விருந்தாளிக்குத் தர வேண்டும். பெரிய விருந்தாளி தமிரா. ஆனால் பெண்ணுக்குப் பின்தொடைப் பங்கைத்தான் தருவார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நடுவில் நின்றான். கடைசியில் தலை தமிராவின் காரோட்டிக்குப் போனது. அந்த மனிதன் வாழ்க்கையில் அப்படியொரு மரியாதையைப் பார்த்திராதவன், தலை பெற்றவன் பங்கிட வேண்டிய காதை அறுத்து யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"உங்க ஆப்பும் இப்படித்தானா?" என்றாள் தமிரா. "யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குச் சேராதா?"

எல்லோரும் சிரித்தார்கள். குபானிச்சும் சிரித்தான், அது தன்னைப் பற்றி என்று தெரியாமல்.

தமிரா ஐம்பது தாண்டியவள், அகன்ற தோள், மெதுவாகச் சாப்பிடுகிறவள். குபானிச் பலகை முன் நின்று பேசிய பேச்சு முழுவதையும் எலும்பைச் சுத்தம் செய்தபடி கேட்டாள். பயனரின் பயணம், பயனரின் வலி, பயனரின் மகிழ்ச்சி. கொச்கோர் வரைக்கும் போன பால். அய்னுராவின் படத்தையும் அவன் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து காட்டினான்.

"இவ யாரு வீட்டு மருமக?" என்று கேட்டாள் தமிரா.

"இவங்க கற்பனைப் பயனர்க்கா."

"அதான் கையில சாணி இல்ல." தமிரா கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நெசப் பயனரக் காட்டு."

காட்டுவதற்கென்றே வரவழைத்துக் கதவோரம் உட்காரவைத்திருந்த ஊர்ப் பெண்களில் புர்மாகானை அழைத்தான். அவள் வரும்போதே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போன் கேட்டது. புர்மாகான் இருமினாள். போன் மறுபடி கேட்டது, அவள் மறுபடி இருமினாள்.

"பனியில சிக்னல் கொஞ்சம் மந்தம்," என்றான் குபானிச். நெற்றி வேர்த்திருந்தது.

"அவ வாயத் தொறக்கவேயில்லையே, சிக்னல் என்ன பண்ணும்?" என்றாள் தமிரா. "இதுல திரையெல்லாம் வரஞ்சது யாரு?"

"தம்பி பெண்டாட்டி. ஜாஸ்குல்."

"அப்ப அவளே காட்டட்டும்."

ஜாஸ்குல் கெண்டியைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள். குபானிச் போனைத் தானே தொட்டு அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். நம் வீட்டுப் பக்கத்தையே திற என்று கண்ணால் சொன்னான். இந்த வீட்டின் பேர். அந்தப் பேருக்குரிய மாமனார் விரிப்பின் தலைப்பக்கம் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து முதுகெலும்பிலிருந்து கறியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லவும்," என்றது போன்.

ஜாஸ்குல் மக்சாத்தைப் பார்த்தாள். மக்சாத் தன் தட்டில் ஏதோ தொலைந்துபோன மாதிரி குனிந்து தேடிக்கொண்டிருந்தான். மாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் மருமகளாக வந்தவள்தான், இப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. இரண்டு குளிர்காலமும், ஜன்னலோர மேஜையும், கெட்டிலும் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தன. இவ்வளவு நாள் இதற்காகத்தானே சும்மா இருந்தோம், இதையும் செய்துவிடலாம் என்று ஜாஸ்குல் நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒஸ்கோன்பாய்," என்றாள்.

கதவோரம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கறி சீவிய கத்தி நின்றது.

"மன்னிக்கவும், புரியவில்லை," என்றது போன். "மீண்டும் சொல்லவும்."

"சத்தமா, சத்தமா," என்றான் குபானிச்.

"ஒஸ்கோன்பாய்."

"மன்னிக்கவும். இன்னும் உரக்கச் சொல்லவும்."

"ஒஸ்கோன்பாய்!" என்று கத்தினாள் ஜாஸ்குல். கெண்டி மூடி குதித்து விரிப்பில் விழுந்தது.

போன் சற்று யோசித்தது. "மன்னிக்கவும்," என்றது.

கிழவர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"முப்பத்தொன்பது வருஷமா இந்த வீட்டுல எனக்குச் சோறு போட்டவ எம் பேர ஒருநாளும் சொன்னதில்ல," என்றார் தன் மனைவியைக் காட்டி. "ஒரு பெட்டிய ஏவிவிட்டு எம் மருமக வாயால என்னை மேயப்போன மாட்டக் கூப்புடுற மாதிரி கூப்புட வச்சுட்ட. சரி, அதாவது அதுக்குக் கேட்டுச்சா? இல்ல."

தமிரா சிரிக்கவில்லை. "குபானிச், இந்தப் பேர் சங்கதிய யாரும் உனக்கு முன்னாடியே சொல்லலியா?"

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான்க்கா சொன்னாங்க. சோதனை முடிவெல்லாம் பச்சை. இது மைக்கோட..." அவன் சுற்றிலும் பார்த்தான், பார்வை கெண்டி பிடித்தவள் மேல் நின்றது. "அதோட திரை வடிவமைப்பு அவளோட பொறுப்பு. உச்சரிப்பும் சரியில்ல. பயனருக்குக் கொஞ்சம் பயிற்சி குடுத்தா..."

ஜாஸ்குல் கெண்டியைக் கீழே வைத்தாள். வீட்டிலேயே பெரிய பேரைச் சொல்லியாயிற்று, அதுவும் மூன்று தடவை, ஊர் கேட்க. அதற்குக் கீழே இருக்கிற பேருக்கெல்லாம் இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. சிரிப்புகூட வந்தது அவளுக்கு.

"குபானிச்," என்றாள்.

மூத்தாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் மக்சாத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிவிட்டான்.

"முதல் நாளே எனக்குத் தெரியும். இவங்க யாரும் அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்கன்னு தெரியும். பாலெல்லாம் ஏன் கொச்கோருக்குப் போச்சுன்னும் தெரியும், அவங்க அப்பன் பேரச் சொன்னாங்க. ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். நீ பாதிதான் படிச்ச. மீதிய நானே எரிச்சேன், பிஷ்கெக் போகணும்னு ஆசைல. இப்பப் போக முடியாதுன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். இத்தன மாசமா நடுவுல நடுவுலன்னு சொல்லிட்டு நீ நடுவுல வச்சது வீட்டுப் பெரியவங்களத்தான். மாட்டக் கறக்குறது யாரு? கேன் தூக்குறது யாரு? அந்தப் பெட்டிய அவ பேரக் கேக்கச் சொல்லு. அவ பேர அவ சொல்லலாம். அதுக்கு யாரும் தடை போடல."

குபானிச் பலகையைப் பார்த்தான், அதில் ஒட்டிய பச்சைச் சீட்டுகளைப் பார்த்தான். அவன் கற்ற வாக்கியம் அந்த நேரத்துக்கு உதவவில்லை போலிருக்கிறது, உதிரப்போன ஒரு சீட்டை அழுத்தி ஒட்டினான்.

"வசந்தத்துல வரேன்," என்றாள் தமிரா. "அதுவரைக்கும் சாகினோட பென்சில் போதும்." பிறகு கதவோரம் திரும்பினாள். "ஏம்மா, தொண்ட கட்டுனவளே. உன் பேரென்ன?"

"புர்மாகான்," என்றாள் அவள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு.

கிழவர் காலிக் கோப்பையை ஜாஸ்குல் பக்கம் நகர்த்தினார். அவள் மூடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கெண்டியில் வைத்துவிட்டு, அவருக்குப் பாதிக் கோப்பை ஊற்றினாள். தனக்கும் ஒரு கோப்பை எடுத்து, நிறைய ஊற்றிக்கொண்டு, அங்கேயே விரிப்பில் உட்கார்ந்தாள்.